தோட்டத்து வாசல் விலை

அட்டன் கடைவீதியில் ஒரு கிலோ தேயிலைத் தூள் என்ன விலை என்று கேட்டால் ஒரு பதில் வரும். அதே கிலோவுக்குக் கொழும்பு ஏலத்தில் வேறொரு விலை. அந்த ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து பறிக்கவேண்டும். அந்தக் கொழுந்துக்கும் ஒரு விலை உண்டு. நாம் நாள்தோறும் பார்ப்பதும் திட்டுவதும் கடை விலையைத்தான். அது நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் போய்ச் சேரும். மற்ற இரண்டையும் அளக்கத் தனியாக ஒரு சுட்டெண் இருக்கிறது. உற்பத்தியாளர் விலைச் சுட்டெண் என்பது அதன் பெயர். செய்தித்தாளில் வந்தால் நான்கு வரியில் முடிந்துவிடும். தேயிலையையும் மரக்கறியையும் விளைவித்து வாழும் மலைநாட்டுக்கு அரிசி விலைக்கு அடுத்தபடி நெருக்கமான எண் அதுதான். ஆனாலும் அதை எப்படி வாசிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இலங்கையில் இதைக் கணக்கிட்டு வெளியிடுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். ஒரு பொருள் அதைச் செய்தவரின் கையைவிட்டுப் போகும்போது அவருக்குக் கிடைக்கும் விலையைத்தான் இது எடுத்துக்கொள்கிறது. வற் வரி இதில் சேராது. லொறிக் கூலியும் மொத்த வியாபாரியின் லாபமும் கடைக்காரரின் லாபமும் சேரா. நுவரெலியாவில் கரட் பிடுங்கிய விவசாயிக்குக் கிடைத்தது இந்தச் சுட்டெண். வெள்ளவத்தையில் அந்தக் கரட்டை வாங்கியவர் கொடுத்தது மற்றச் சுட்டெண். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது தனிக் கதை.

விவசாயம், தயாரிப்புக் கைத்தொழில், மின்சாரமும் நீர்வழங்கலும் என்று மூன்று பெரும் பிரிவுகள். பஸ் கட்டணமும் டியூஷன் கட்டணமும் இதற்குள் வரமாட்டா. 2018ஆம் ஆண்டின் நான்காம் காலாண்டில் இருந்த விலை மட்டத்தை 100 என்று வைத்துக்கொண்டு மேலே எண்ணுகிறார்கள். சுட்டெண் 200 என்றால், அன்று 100 ரூபாய்க்கு வாசலைவிட்டுப் போன சரக்கு இன்று 200 ரூபாய்க்குப் போகிறது என்று பொருள். எல்லாப் பொருளுக்கும் ஒரே நிறை கிடையாது. நாட்டின் உற்பத்தியில் எதற்குப் பங்கு பெரிதோ அதற்கு நிறையும் பெரிது.

இதற்கு முன்னர் பல பத்தாண்டுகளாக மத்திய வங்கியின் மொத்த விற்பனை விலைச் சுட்டெண்தான் புழக்கத்தில் இருந்தது. அதன் அடியாண்டு 1974. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம் அது. கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது அதற்கு மறு ஆண்டு. அந்தக் காலத்துப் பொருள்களையும் நிறைகளையும் வைத்துக்கொண்டு புதிய நூற்றாண்டின் விலையை அளப்பது, பழைய படிக்கல்லால் கொழுந்து நிறுப்பதைப் போன்றது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழைய சுட்டெண்ணில் இறக்குமதிப் பொருள்களும் இருந்தன. புதியதில் உள்நாட்டில் விளைவதும் செய்வதும் மட்டுமே. வெளிநாட்டிலிருந்து வரும் உரத்தின் விலை மூன்று மடங்கானாலும் இந்தச் சுட்டெண் நேரடியாக அசையாது. உரம் போட்டு விளைந்ததை விற்பவர் விலையைக் கூட்டினால்தான் அசையும்.

தேயிலைக்கு வருவோம். பச்சைக் கொழுந்து விவசாயம். வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்த தூள் தயாரிப்பு. தேசிய கணக்கு இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களுக்கு இந்தப் பிரிவு கண்முன்னே நடக்கிறது. அவர்கள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். ஏலத்தில் கிடைத்த நிகர சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்று சூத்திரம் இருக்கிறது. தூள் கிலோ 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 680 ரூபாயை நாலரையால் வகுத்தால் ஒரு கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 150 ரூபாய். விலை இருக்கிறது, பற்றுச்சீட்டு இருக்கிறது, கணக்கெடுப்பவர் குறித்துக்கொள்ளலாம்.

பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ ஒரு கம்பெனித் தோட்டத்தில் அப்படி இல்லை. மலையில் நிறுத்த கொழுந்து அதே கம்பெனியின் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. கொழுந்து கைமாறுகிறது, காசு கைமாறுவதில்லை. விற்பனை இல்லாத இடத்தில் விலையும் இல்லை. வெளியே விற்கும் கொழுந்தின் விலையையோ ஏல விலையையோ வைத்துத்தான் அதன் மதிப்பை ஊகிக்கவேண்டும். கூடை சுமந்து மலையேறி இறங்கும் பெண்ணின் கையில் இருக்கும் பொருளுக்கு, அவள் கையில் இருக்கும்வரை சந்தையில் விலையே கிடையாது. இந்தச் சுட்டெண்ணில் எனக்கு வியப்பான இடம் இதுதான்.

மலைநாட்டார் கவனிக்கவேண்டிய இன்னொன்று: இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ அறுபது வீதம் தாழ்நிலத் தேயிலை. சராசரி விலையிலும் பெரும்பாலும் அதுவே முன்னால் நிற்கிறது. ஆகவே “தேயிலை விலை கூடியது” என்ற செய்தி முதலில் தென்பகுதியின் செய்தி. நுவரெலியாத் தேயிலையின் மணத்தைப் பற்றி உலகம் பேசும். சுட்டெண்ணின் தராசில் அதற்கு எடை குறைவு.

இனி, காலாண்டு என்ற சங்கதி. சுட்டெண் மாதாமாதம் வருகிறது. ஆனால் மாதக் கணக்கு துள்ளும். மூன்று மாதத்தைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் துள்ளல் சற்று அடங்கும். மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கும் காலாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும். ஆனால் இந்தக் காலாண்டை எதோடு ஒப்பிடுவது? முந்திய காலாண்டோடா, போன வருடத்தின் இதே காலாண்டோடா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த வீதத்தையும் நம்பக்கூடாது.

திம்புள்ளப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை பகல் வெயிலும் இரவுக் குளிரும் வறண்ட காற்றுமாக இருக்கும். கொழுந்து குறையும், மணம் கூடும், நல்ல தேயிலைக்கு விலையும் கூடும். பிறகு மழை வரும், கொழுந்து குவியும், விலை இறங்கும். ஊவாவுக்கு அந்தப் பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. இது வருடா வருடம் நடப்பது. இரண்டாம் காலாண்டில் விலை விழுந்தது என்று எழுதுவது, ஐப்பசியில் மழை பெய்தது என்று எழுதுவதைப் போல. அதனால்தான் பருவத்தோடு ஏறி இறங்கும் பொருளுக்குப் போன வருடத்து இதே காலாண்டோடு ஒப்பிடுவது நியாயம்.

அந்த ஒப்பீட்டுக்கும் ஒரு பொறி உண்டு. 2024 ஜனவரியில் கரட் கிலோ 2000 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அடுத்த ஜனவரியில் கரட் சாதாரண விலைக்கு வந்தாலே வருடாந்தக் கணக்கில் பெரும் வீழ்ச்சி என்று காட்டும். இன்றைய விலை உண்மையிலேயே விழுந்ததா, போன வருடத்தின் உச்சம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வீதக் கணக்கிலும் ஏமாறலாம். 1000 ரூபாய் பத்து வீதம் ஏறினால் 1100. அது பத்து வீதம் இறங்கினால் 1000 அல்ல, 990.

மின்சாரப் பிரிவு இப்படி ஏறி இறங்குவதில்லை; படிக்கட்டில் தாவும். 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். இங்கே விலையை முடிவுசெய்வது மழையும் சந்தையும் மட்டுமல்ல, கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அறிவிப்பும்தான். கொழுந்து வாட்டும் விசிறியும் அரைக்கும் இயந்திரமும் மின்சாரத்தில் ஓடுவதால் ஒரு பிரிவின் விலை அடுத்த பிரிவின் செலவாகிறது. ஆனால் தேயிலைத் தொழிற்சாலை அந்தச் செலவை வாங்குபவர் தலையில் ஏற்ற முடியாது. பிஸ்கட் கம்பெனி பாக்கெட்டில் புது விலையை அச்சடிக்கலாம். தேயிலை ஏலத்துக்குப் போகிறது. 1883இல் கொழும்பில் தொடங்கிய அந்த ஏலம் 2020 முதல் கணினித் திரையில் நடக்கிறது. சுத்தியல் போய்விட்டாலும் விலை சொல்பவர் வாங்குபவர்தான்.

2022ஐ எடுத்துப் பார்த்தால் இந்தச் சுட்டெண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெளிவாகும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அதே 2022 மார்ச்சில் ரூபாயின் பிடி தளர்ந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டி, பிறகு 360 வரை போனது. ஏலத்தில் தேயிலையின் ஆண்டுச் சராசரி 620 ரூபாய் அளவிலிருந்து 1250 ரூபாய்க்கும் மேலே போயிற்று. டொலரில் கணக்கிட்டால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

தேயிலையின் பணமதிப்பை மட்டும் பார்த்தவருக்கு அது பொற்காலம்: விலை இரண்டு மடங்கு, அளவு ஆறில் ஒரு பங்கு குறைவு, பெருக்கிப் பார்த்தால் வருமானம் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கூடுதல். உற்பத்தியாளர் விலையைக் கொண்டு அந்த வீக்கத்தை வகுத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அளவு மட்டும், அது சுருங்கியிருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியை “நிலையான விலையில்” சொல்லும்போது நடப்பது இந்த வகுத்தல்தான். இந்தச் சுட்டெண்ணின் முக்கியமான வேலை செய்திக்கு அல்ல, இந்த வகுத்தலுக்கே.

அந்த இரட்டிப்பு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்ததா? 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1000 ரூபாயானது. தேயிலை விலை இரண்டு மடங்கான 2022 முழுவதும் சட்டப்படியான தொகை அதுவே. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டெம்பரில் முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் உயர்ந்து நின்றபோதும் அதுவே. அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது 2024 செப்டெம்பரில். உற்பத்தியாளர் விலைச் சுட்டெண்ணில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, இருக்கவும் முடியாது. சம்பளம் உற்பத்திச் செலவு, விற்கும் பொருளின் விலை அல்ல. “உற்பத்தியாளர்” என்று அந்தச் சொல் குறிப்பது விற்பவரை. முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா அரைப்பேரா என்று நிறுவையில் காத்து நிற்பவரை அல்ல.

சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் ஏல விலையை எடுத்துக் காட்டும். மறு பக்கம் உரத்தையும் மின்சாரத்தையும் ஒரு தொழிலாளி ஒரு நாளில் எடுக்கும் கொழுந்தின் கிலோவையும் காட்டும். அந்த மேசையில் இந்தச் சுட்டெண்ணைத் தனியே நீட்டினால் இரு பக்கத்துக்கும் பாதிதான் கிடைக்கும். அதோடு நுகர்வோர் சுட்டெண்ணையும் அதே காலாண்டின் தேயிலை அளவையும் சேர்த்து வைக்கவேண்டும். மூன்றையும் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.