‘ஜிஞ்சர்’ என்னும் சொல்லின் வழித்தடம்

ஆங்கில ‘ஜிஞ்சர்’ தமிழ் ‘இஞ்சி’யிலிருந்து நேரே பிறந்தது எனக் கூறப்படுவதுண்டு. இடைநின்ற மொழிகளைக் கைவிடும் இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆங்கிலம் இச்சொல்லை இலத்தீனிலிருந்தும், பின்னர்ப் பழம்பிரெஞ்சின் வழியாகவும் பெற்றது, இலத்தீன், கிரேக்க ‘ஸிங்கிபெரிஸ்’ஸிலிருந்து, கிரேக்கம், பாலியின் ‘சிங்கிவேர’ போன்றதொரு பாகத வடிவிலிருந்து. (1952இல் ஆலன் ராஸ் இவ்வொரு சொல்லுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.)

அப்பாகத வடிவின் ஈற்றில் நிற்பது நம் ‘வேர்’. வடமொழிச் ‘சிருங்கவேர’ என்பதற்குக் ‘கொம்புருவினது’ எனப் பொருளுரைப்பது ஒலியொப்புமையால் பின்னெழுந்த விளக்கமே. சொன்முதற் சகரமோ எனின், தமிழில் அது கெடுதலுண்டு. ‘சிறகு’, ‘இறகு’ என்பவற்றை ஒப்பிடுக. ஆகவே வடக்கே சென்று பின் கடல் கடந்தது ‘இஞ்சி’ அன்று. சகரம் கெடாத ‘சிங்கிவேர்’ என்னும் தொல்திராவிட வடிவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.