தந்தையின் நாதஸ்வரமும் மைந்தனின் சாக்ஸபோனும்

எமது கல்லூரிப் பாண்ட் வாத்தியக் குழுவிலே சாக்ஸபோன் வாசிக்கும் மாணவன் ஒருவன், ஒருநாள் வகுப்பு முடிந்தபின் எம்மிடம் வந்து தயங்கி நின்றான். பரம்பரையாக நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பத்திற் பிறந்தவன் அவன்.

"சேர், இந்தக் குழலை வீட்டிலை எடுத்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளுறார். கோயில் வாசலுக்கு ஆகாத வாத்தியமாம். நான் செய்யிறது பிழையோ?" என்று கேட்டான்.

உடனே மறுமொழி கூற எம்மால் இயலவில்லை. நாதஸ்வரமும் தவிலும் யாழ்ப்பாணத்து மண்ணோடு கலந்தவை. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தை அவ்விசையின்றி எண்ணிப்பார்க்க முடியுமா? அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், 1975 இல் மறைந்த வி. தட்சணாமூர்த்தியின் தவிலும் கடல் கடந்து தமிழகத்து இரசிகர்களையும் வியக்க வைத்தன. இத்தகைய மண்ணில், ஒரு நாதஸ்வரக் கலைஞர் தம் மகன் பித்தளைக் குழலை ஏந்துவது கண்டு மனம் வருந்தினால் அவரைக் குறைகூறல் தகாது. ஆயினும் மைந்தன் செய்வது பிழையென்று சொல்லவும் எமக்கு மனம் வரவில்லை. இதே வழியில் நடந்து வெற்றி கண்ட ஒருவரின் வரலாறு நினைவுக்கு வந்தமையே அதற்குக் காரணம். அவர்தாம் கத்ரி கோபால்நாத்.

தென்கன்னட மாவட்டத்திலே சஜீபமூட என்னும் சிற்றூரில் 1949 ஆம் ஆண்டு பிறந்தவர் கோபால்நாத். அவருடைய தந்தையார் தனியப்பா ஒரு நாதஸ்வர வித்துவான். மைந்தனும் இளமையில் தந்தையிடம் நாதஸ்வரமே பயின்றார். ஒருநாள் மைசூர் அரண்மனைப் பாண்ட் குழுவினர் வாசித்ததைக் கேட்டபோது, அவர்களிடையே ஒலித்த சாக்ஸபோன் அச்சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. வாசித்தால் இதனையே வாசிப்பது என்று அவர் உறுதி பூண்டார்.

உறுதி பூணுதல் எளிது, நிறைவேற்றுதல் அரிது. பெல்ஜிய நாட்டவரான அடோல்ப் சாக்ஸ் என்பவர் ஆக்கி, 1846 இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற வாத்தியம் இது. உடல் பித்தளையே ஆயினும், வாயில் வைக்கும் நாணற் சீவல் அதிர்ந்தே ஒலி பிறப்பதால் இதனை மரக்குழல்களின் இனத்திலே சேர்ப்பர். நாதஸ்வரத்தின் சீவாளியும் அதிர்ந்தே ஒலி தருகின்றது. இரண்டு குழல்களும் மேலே ஒடுங்கிக் கீழே அகன்று செல்பவை. ஆகவே இவ்விரண்டும் தூரத்து உறவினர் என்று சொல்வது மிகையாகாது.

வேற்றுமையோ விரலிலே உள்ளது. நாதஸ்வரக்காரரின் விரல் துளையின்மீது நேரே படிகின்றது. துளையை முழுதும் மூடலாம், அரைவாசி மூடலாம், மெல்ல வழுக்கித் திறக்கலாம். கமகம் பிறப்பதற்கு அது பெருந்துணை. சாக்ஸபோனில் இருபதுக்கு மேற்பட்ட துளைகள் உண்டு. அவற்றை மூடுபவை உலோக மூடிகள். அவை மேனாட்டு இசைக்கு ஏற்ப, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்குத் தாவும் வண்ணம் அமைந்தவை. சுரங்களை அசைத்தும் வளைத்தும் பாடும் கர்நாடக சங்கீதத்திற்கு இந்த அமைப்பு இடையூறன்றோ?

கோபால்நாத் இவ்விடையூற்றை உதட்டாலும் மூச்சாலும் வென்றார். வாத்தியத்தின் அமைப்பிலும் தம் தேவைக்கேற்பச் சில மாற்றங்களைச் செய்துகொண்டார். மங்களூர்க் கலாநிகேதனத்தைச் சேர்ந்த என். கோபாலகிருஷ்ண ஐயர் அவருக்குக் கர்நாடக இசையை முறையாகப் போதித்தார். பின்னர் சென்னையிலே, வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரான டி. வி. கோபாலகிருஷ்ணன் அவரைச் செம்மைப்படுத்தினார். இவ்வாத்தியத்தை வசப்படுத்த ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. ஒரு பிள்ளை பாலர் வகுப்பிற் சேர்ந்து பட்டம் பெற்று வெளியேறும் காலத்திலும் அது நீண்டது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

அதன்பின் புகழ் அவரைத் தேடி வந்தது. 1980 இல் பம்பாயில் நடைபெற்ற ஜாஸ் இசை விழாவிலே அவரது வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜோன் ஹாண்டி, தாமும் அவருடன் சேர்ந்து வாசிக்க விழைந்தார். 1994 இல் இலண்டன் ரோயல் ஆல்பர்ட் மண்டபத்திலே பி.பி.சி. நடத்தும் புகழ்பெற்ற இசை விழாவில் வாசித்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்திலே, ஏ. ஆர். ரகுமானின் இசையில் ஒலித்த அவரது சாக்ஸபோனைக் கேளாத தமிழ் இல்லங்கள் சிலவே. 2004 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2019 ஒக்டோபர் 11 ஆம் நாள் மங்களூரில் அவர் காலமானார்.

அயல்நாட்டு வாத்தியம் நமதாவது இதுவே முதன்முறையன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. ஏ. கே. சி. நடராஜன் கிளாரினெட்டைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். ஆகவே ஒரு வாத்தியம் எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அது எவ்விசையைப் பேசுகின்றது என்பதே முக்கியமாகும்.

இவற்றை யாம் எடுத்துரைத்தபோது, மாணவன் ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப அவர் தகப்பன் சொல்லிக்குடுத்ததை விட்டிட்டாரோ, சேர்?"

"வாத்தியத்தை விட்டார், வித்தையை விடவில்லை. அதனாலேதான் பித்தளைக் குழலிலும் இராகம் பேசிற்று. நீயும் அப்பாவிடம் போய்ப் பாடம் கேள். அவர் சொல்லித்தரும் தோடியை அவர் காதுபட இந்தக் குழலிலே வாசி" என்றோம்.

மூன்று கிழமை கழித்து அவன் மீண்டும் வந்தான். "என்ன, அப்பா என்ன சொன்னார்?" என்று வினவினோம்.

"முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார், சேர். ஆனால் நேற்றுத் திண்ணையிலை இருந்தபடியே, 'காந்தாரம் அசையாமல் நிக்குது, அதை ஆட்டி வாசி' எண்டு சொன்னார்" என்றான்.

யாம் மகிழ்ந்தோம். பிள்ளைகள் புதியதொன்றை விரும்பும்போது பெற்றோர் முற்றாகத் தடுக்கவும் வேண்டியதில்லை. தம் பொறுப்பு முடிந்ததென்று ஒதுங்கவும் வேண்டியதில்லை. பிழை கண்ட இடத்தில் திருத்திக் கொடுத்தாற் போதும். பிள்ளைகளும் தந்தை சொல்லும் திருத்தத்திற்குச் செவிசாய்த்து, ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு உழைப்பார்களாயின், நம் மண்ணின் இசை எக்குழலிலும் நிலைத்து வாழும்.