பார்த்ததை எழுதுங்கள்: முன்னாள் படைவீரருக்கான சாட்சிக் கடிதம்

அமெரிக்க ராணுவம் 2009 முதல் 2016 வரை ஒரு திட்டத்தை நடத்தியது. அந்நாட்டில் சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவரை, குடியுரிமை இல்லாவிட்டாலும், மொழியறிவுக்காகப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உருதும் இருந்தன. அப்படிச் சேர்ந்தோ, குடியுரிமை பெற்றபின் சேர்ந்தோ பணி முடித்த ஒருவர் உங்கள் உறவில் இருந்தால், "எனக்கு ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தாருங்கள்" என்று ஒருநாள் கேட்கலாம். எதற்கு, எப்படி என்று தெரிந்திருப்பது நல்லது.

பணியினால் உடலோ மனமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. அதைப் பெற மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும். இப்போது பாதிப்பு இருக்கிறது. பணியின்போது ஏதோ நடந்தது. அதனால்தான் இது வந்தது. சிக்கல் பெரும்பாலும் நடுவில் உள்ளதில்தான். அடிபட்ட அன்று மருத்துவரிடம் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஏது பதிவேடு? இருந்த பதிவேடும் எல்லோருக்கும் மிஞ்சவில்லை. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், சுமார் 1.6 முதல் 1.8 கோடி படைவீரர்களின் கோப்புகள் அழிந்தன.

இந்த இடத்தில்தான் சாட்சிக் கடிதம் கைகொடுக்கிறது. மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நேரில் கண்டவரின் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2007-ல் எல்லையையும் காட்டியது: கால் முறிந்ததைச் சாதாரண மனிதரும் சொல்லலாம், புற்றுநோய் என்று சொல்ல மருத்துவர்தான் வேண்டும்.

கடிதம் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். "குண்டுச் சத்தத்தால் நரம்பு கெட்டுவிட்டது" என்று எழுதினால் அது மருத்துவரின் வேலை. "மிகவும் நல்ல பிள்ளை, ரொம்பக் கஷ்டப்பட்டான்" என்பது துஆவுக்குப் பொருந்தும், கோப்புக்குப் பொருந்தாது. ஓர் உம்மா இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "2010-ல் அவன் படையில் சேருமுன் அடுப்படியிலிருந்து நான் மெதுவாகக் கூப்பிட்டாலும் பதில் சொல்வான். 2012 நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்தபோது, பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிப் பேசினான். காதுக்குள் இரைகிறது என்றான். இப்போதும் அப்படித்தான்." இதில் நோயின் பெயரே இல்லை. ஆனால் முன்பு எப்படி, பின்பு எப்படி, எப்போது பார்த்தது என்பதெல்லாம் இருக்கிறது. மருத்துவர் இதைப் படித்து முடிவுக்கு வர முடியும்.

சம்பவம் நடந்த இடத்தில் உடனிருந்த படைத்தோழர், எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்த மாதம் என்று எழுத வேண்டும். மனைவி இரவில் தூக்கம் கெடுவதையும் மாடிப்படி ஏற முடியாததையும் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதாதீர்கள். மூன்று கடிதத்திலும் ஒரே வாக்கியம் இருந்தால் மூன்றும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இதற்கென்றே 21-10210 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கிறது. சாட்சி ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். நம்மூர்ப் பழக்கத்தில் நோட்டரியைத் தேடி அலைய வேண்டாம். தெரிந்தவரை உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டால் போதும். அந்தக் கையெழுத்தை இலேசாக எண்ண வேண்டாம். தெரிந்தே பொய் எழுதினால் அங்கே சட்டப்படி தண்டனை உண்டு. பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்பதை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டி எழுத அவசியமும் இல்லை. இரு பக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் படைவீரருக்குச் சாதகமாகவே முடிவெடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

தேதி நினைவில்லை என்றால் ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள். "அந்த வருடப் பெருநாளுக்கு முந்தின வாரம்" என்று எழுதினாலே போதும்.