எந்தத் தண்ணிக்கு எந்த ராடு?

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர், "ப்ரோ, எல்லா மீனுக்கும் செட் ஆகுற மாதிரி ஒரே ஒரு ராடு சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தார். நானும் அப்படி நினைச்சுத்தான் முதல்ல 6 அடியில் ஒரு லைட் ராடு வாங்கினேன். ஊரில் ஆகாயத்தாமரை மூடிய குளம். ஒரு விரால் ரப்பர் தவளையைப் பாய்ந்து கவ்வியது. இழுக்கிறேன், ராடு வளைஞ்சுட்டே போகுது, மீன் வரலை. செடிக்குள் புகுந்து நரம்பு அறுந்துடுச்சு. வாயில் முள்ளோட அது போனது இன்னைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

ராடில் ரெண்டு விஷயம் பார்க்கணும். பவர்னா, அதை வளைக்க எவ்வளவு விசை வேணும் என்பது. ஆக்‌ஷன்னா, எந்த இடத்தில் வளையுது என்பது. ஃபாஸ்ட் ஆக்‌ஷன் நுனிப்பக்கம் மட்டும் வளையும், ஸ்லோ ஆக்‌ஷன் கைப்பிடி வரைக்கும் வளையும். "டேய், இது கான்டிலீவர் பீம்டா"ன்னு மெக்கானிக்கல் படிச்ச ரூம்மேட் சொன்னப்பதான் எனக்கே புரிஞ்சது.

விரால் முள்ளில் மாட்டினதும் செடிக்குள் ஓடும். ஓட விடக்கூடாது. அதனால் 7 அடி, ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 40-50 பவுண்டு பிரெய்டு நரம்பு. ஒன்றரை கிலோ மீனுக்கு இவ்வளவான்னு கேட்பீங்க. நீங்க தூக்குறது மீனை மட்டுமில்லை, அதைச் சுத்தின செடியையும் சேர்த்துத்தான்.

அணையில் கட்லாவுக்கு இது அப்படியே தலைகீழ். திறந்த தண்ணி, ஓடட்டும். விறைப்பான ராடு பிடிச்சா, அது குடுக்கிற வெட்டில் நரம்பு அறும், இல்லேன்னா உதடு கிழியும். மாவு உருண்டையைத் தூரமா வீசவும் நீளம் வேணும். 10-12 அடியில் நல்லா வளையுற மீடியம் ராடு எடுங்க. வண்டியில் ஷாக் அப்சார்பர் செய்யுற வேலையை இங்க ராடு செய்யும்.

ஜிலேபிக்கு மண்புழு, தக்கை, ஒரு லைட் ராடு போதும். சொல்லப்போனா ராடே வேண்டாம். நான் ரீலை மாட்டி முடிக்கிறதுக்குள்ள சித்தப்பா மூங்கில் கம்பில் நாலு மீன் எடுத்திருப்பார்.

கடையில் விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி கைப்பிடிக்கு மேல எழுதியிருக்கிறதைப் படிங்க. 8-17 பவுண்டு, 7-21 கிராம்னு ஏதாவது இருக்கும். முதலாவது நரம்போட பலம், ரெண்டாவது நீங்க வீசுற எடை. 10 கிராம் வரைக்கும் தாங்குற ராடில் 20 கிராம் தவளையை வேகமா வீசினா நுனி உடையலாம்.

கேட்ட நண்பருக்கு: உங்க வீட்டுப் பக்கம் இருக்கிற தண்ணியைப் போய்ப் பாருங்க. செடி அடர்ந்திருந்தா ஹெவி, திறந்த தண்ணின்னா மீடியம். அடுத்த வாரம் ரீல் பத்திப் பேசலாம்.