ஓட்டலுக்கு 'ஸ்டார்' போடும் செல்போன்... யாருக்காக?

லண்டனில் இல்லாத ஓட்டலுக்கு முதல் இடம்!
அருப்புக்கோட்டை ரோட்டில் பசியோடு வருகிறவர்களே, உஷார்!

அருப்புக்கோட்டை:-

மத்தியானம் 2 மணி. மதுரை- தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் வெயில் கொளுத்துகிறது. ரெண்டு பக்கமும் கரிசல் காடும் கருவேலமும்தான். காருக்குள் குழந்தை பசியில் அழுகிறது. காரியாபட்டி தாண்டி விட்டது. அருப்புக்கோட்டை ஊருக்குள் நுழைவதா, பந்தல்குடி போய்ப் பார்த்துக் கொள்வதா?

முன்பெல்லாம் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரிப்பார்கள். லாரி வரிசையாக நிற்கிற இடத்தில் சோறு நன்றாக இருக்கும் என்று ஒரு கணக்கு. இப்போது செல்போனை எடுத்துத் தடவுகிறார்கள். '4 ஸ்டார்' என்று போட்ட கடைக்கு வண்டி திரும்புகிறது.

இந்த ஸ்டார் யாருக்காக? போடுவது யார்? நம்பலாமா?

உள்ளூர்க்காரருக்கு வேண்டாம்

அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறி ஓட்டுகிறவருக்கும், மில் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் செல்போன் பார்த்துச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. எந்தக் கடையில் சால்னா தண்ணியாகி விட்டது என்ற சேதி அன்று ராத்திரியே தெருவுக்குத் தெரிந்து விடும். மறுநாள் ஆள் கடை மாறி விடுவார். கடைக்காரருக்கும் அந்தப் பயம் உண்டு.

ஏமாறுகிறவர் ஒரே ஒரு தடவை வருகிற வெளியூர்க்காரர்தான். அவர் முகத்தைக் கடைக்காரர் மறுபடி பார்க்கப் போவது இல்லை. அவர் கோபித்துக் கொண்டு போனாலும் கல்லாவுக்கு நஷ்டம் இல்லை.

ஆகவே, ஓட்டலைத் தேடித் தரும் 'ஆப்' என்பது முதலில் அவருக்காகத்தான்.

திருச்சுழியைப் பாருங்கள். 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி ரமண மகரிஷி பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டையும், திருமேனிநாதர் கோவிலையும் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்கள். தமிழ் தெரியாதவர்களும் வருகிறார்கள். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? சைவமா, காரம் எப்படி, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வெறும் ஸ்டார் இதற்குப் பதில் சொல்லாது.

சேலை எடுக்க வரும் வியாபாரிக்கு வேறு கணக்கு. சீக்கிரம் கிடைக்குமா, விலை என்ன? விருதுநகர் எண்ணெய் புரோட்டாவைத் தேடி வருகிறவருக்கோ விலை பெரிது இல்லை. ருசிதான் பெரிது.

ஆரம்பித்தது இப்படி!

இதைச் சரியாகப் பிடித்தவர்கள்தான் ஜெயித்து இருக்கிறார்கள்.

1900-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் மிச்செலின் என்ற டயர் கம்பெனி ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. கார்க்காரர் எங்கே தங்கலாம், எங்கே ரிப்பேர் பார்க்கலாம் என்ற விவரம் அதில் இருந்தது. கார் அதிகம் ஓடினால் டயர் தேயும். டயர் தேய்ந்தால் வியாபாரம்! ஓட்டல்களுக்கு ஸ்டார் கொடுத்தது பிறகுதான், 1926-ல்.

நம் நாட்டு 'சொமேட்டோ' 2008-ல் டெல்லியில் பிறந்தது. தீபிந்தர் கோயல், பங்கஜ் சத்தா என்ற 2 பேர் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள். அங்கே ஓட்டல் மெனு கார்டைப் பார்க்கவே ஊழியர்கள் கியூவில் நின்றார்கள். கார்டுகளைப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கியூ போனது, கம்பெனி வந்தது. முதலில் 'புடீபே' என்று இருந்த பெயர் 2010-ல் சொமேட்டோ ஆனது.

கொட்டகைக்கு முதல் பரிசு

வெளியூர்க்காரர் நம்புகிற இடத்தில் மோசடிக்காரரும் நுழைந்து விடுவார்.

லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையையே ஓட்டல் என்று 'டிரிப்அட்வைசர்' தளத்தில் பதிவு செய்தார். சவர நுரையை வைத்து 'பலகாரம்' ஜோடித்துப் படம் போட்டார். நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுதச் சொன்னார். 2017 நவம்பரில் லண்டன் ஓட்டல்களிலேயே அந்தக் கொட்டகைக்கு முதல் இடம்! அதுவரை அங்கே ஒருவர்கூட ஒரு கவளம் சாப்பிட்டது இல்லை.

இத்தாலியில் காசு வாங்கிக் கொண்டு ஓட்டல்களுக்குப் பொய் விமர்சனம் எழுதி விற்றவருக்கு 2018-ல் லெச்சே நகர கோர்ட்டு 9 மாதம் ஜெயில் தண்டனை விதித்தது.

இந்திய தர நிர்ணய அமைப்பும் 2022 நவம்பரில் இந்த விமர்சனங்களுக்கு ஒரு தரவிதியை (ஐ.எஸ்.19000) வெளியிட்டது. ஆனால் அப்போது அதைக் கட்டாயம் ஆக்கவில்லை.

சின்னக் கடைக்குப் பெரிய அடி

பொய்ப் புகழ்ச்சியை விடக் கொடுமை பொய்ப் பழி.

400 பேர் 5 ஸ்டார் போட்ட பெரிய ஓட்டலுக்கு ஒருவர் 1 ஸ்டார் போட்டால் சராசரி 4.99. ஒரு சேதமும் இல்லை. 4 பேர் மட்டும் 5 ஸ்டார் போட்ட இட்லிக் கடைக்கு, பொறாமை பிடித்த ஒருவர் 1 ஸ்டார் போட்டால்? மார்க் 4.2 ஆகி விடும். ஒரே ஆள், ஒரே விரல்!

வேப்பமரத்தடியில் கம்மங்கூழ் விற்கும் பாட்டி பாடு இன்னும் மோசம். செல்போனில் அவர் கடையே இல்லை. ரோட்டில் போகிற காருக்கு அவர் கண்ணில் படாத ஆள்தான்.

பார்க்கிற முறை

ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று பாருங்கள். ஒரே வாரத்தில் குவிந்த புகழ்ச்சி சந்தேகத்துக்கு உரியது. 'சூப்பர்' என்று ஒரே வார்த்தையில் முடித்தவரை விட, 'சோறு நன்று, ரசம் சுமார்' என்று எழுதியவரை நம்பலாம்.

பில்லையும் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க எண் அதில் அச்சிட்டு இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி.

சாப்பிட்ட கடை நன்றாக இருந்ததா? கை கழுவிய பிறகு ரெண்டு வரி எழுதி விட்டுப் புறப்படுங்கள். நாளைக்கு அதே ரோட்டில், அதே வெயிலில், இன்னொரு காரில் இன்னொரு குழந்தை பசியோடு வரும்.