தோட்டா சிறுத்தால் என்ன?

மல்லாங்கிணறு பக்கம் வெடிமருந்தைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிவகாசிக்கு அக்கம்பக்கம் வாழ்கிறவர்களுக்கு வெடியுப்பும் கந்தகமும் கரியும் பழகிய பெயர்கள். ஆனால் இன்றைய துப்பாக்கித் தோட்டாவில் இருப்பது அந்தக் கருமருந்து அல்ல. நைட்ரோசெல்லுலோஸில் செய்த, புகை குறைந்த மருந்து. அது படாரென்று வெடித்துத் தீரக் கூடாது. குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் முழுக்க எரிந்து, வாயுவாகி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கார்பைனுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்ற கேள்வியின் முடிச்சே இந்த எரிப்பில்தான் இருக்கிறது. ஏனென்றால் கார்பைன் குழல் குட்டையான துப்பாக்கி.

நம் படைகள் பல ஆண்டுகள் தூக்கிய பழைய கார்பைன், கான்பூரில் செய்த 9 மி.மீ. ஸ்டெர்லிங். அதன் குண்டு சுமார் 8 கிராம். வேகம் நொடிக்கு 390 மீட்டர். ஆற்றல் 600 ஜூல். எதிரி குண்டு துளைக்காத கவச உடை அணியத் தொடங்கியதும் அது போதாமல் போனது.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் இன்சாஸ் துப்பாக்கியும் செய்தார்கள், திருச்சி அசால்ட் ரைஃபிளும் செய்தார்கள். இன்சாஸுக்கு 5.56×45 தோட்டா: 4 கிராம் குண்டு, நொடிக்கு 900 மீட்டர், சுமார் 1,600 ஜூல். மற்றதற்கு 7.62×39: ஏறக்குறைய 8 கிராம், 715 மீட்டர், 2,000 ஜூல். பழைய எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் குண்டும் 7.62 தான், ஆனால் அதன் தோட்டா உறை 51 மி.மீ. நீளம். மருந்து அதிகம் பிடிக்கும், ஆற்றல் 3,300 ஜூலைத் தொடும். தோளில் விழும் உதையும் இன்சாஸைப் போல் இரு மடங்குக்கு மேல். ஒரு தோட்டாவின் எடையும் ஏறத்தாழ இரு மடங்கு. குண்டின் விட்டத்தை மட்டும் பார்த்துத் துப்பாக்கியை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

5.56×45 தோட்டாவை 20 அங்குலக் குழலை மனதில் வைத்து வடிவமைத்தார்கள். குழலைப் பாதியாக வெட்டினால் மருந்தில் ஒரு பங்கு குழலுக்கு வெளியே எரியும். கண்ணைக் கூசும் ஒளியும் காதைப் பிளக்கும் சத்தமும்தான் மிச்சம். வேகம் 900-லிருந்து 750-க்கு இறங்கினால் ஆறில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; எனவே 30 சதவீதம் போய்விடுகிறது.

இதற்கு டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வுக்கூடம் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது. உறையையே 30 மி.மீ. ஆகக் குறுக்கி, குட்டைக் குழலுக்குள் எரிந்து முடியும் அளவுக்கு மருந்து வைத்தார்கள். அந்த 5.56×30 தோட்டாவுக்கான ஜே.வி.பி.சி. கார்பைனின் எடை சுமார் 3 கிலோ, எட்டும் தூரம் 200 மீட்டர்.

ராணுவமோ 5.56×45 தோட்டாவையே பிடித்துக்கொண்டது. 2018-ல் தேர்வாகி 2020-ல் கைவிடப்பட்ட காரகால் நிறுவனத்தின் கார்பைனும் அதே தோட்டாவுக்கானது; பிறகு 4.25 லட்சம் கார்பைன்களுக்குக் கேட்டதும் அதுவே. ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் ஒரே தோட்டா என்றால் போர்முனைக்கு அனுப்புவது எளிது என்பது நியாயமான வாதம். ஆனால் அமேதியில் தயாராகும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203 ரைஃபிள்களுக்குத் தோட்டா 7.62×39. காலாட்படை அந்தப் பக்கம் நகர நகர, இந்த வாதம் வலுவிழந்துகொண்டே போகும்.

காவல்துறையின் கணக்கு வேறு. கடைத்தெருவில் நிற்கும் காவலருக்கு 200 மீட்டருக்கு மேல் எட்டும் ஆயுதம் தேவையே இல்லை. எஸ்.எல்.ஆரிலிருந்து குறி தப்பிய குண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. வழியில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. மாநிலக் காவல்துறைகள் அடுத்து ஆயுதம் வாங்கும்போது, குண்டு எவ்வளவு வலுவாகப் பாயும் என்பதைவிட எங்கே போய் நிற்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.