சிங்கப்பூர் காணச் செல்வார்க்கு

அரியாலை ஊடாகச் செல்லும் கண்டி வீதியும், 1905ஆம் ஆண்டிற் கொழும்போடு தொடுக்கப்பட்ட புகைவண்டிப் பாதையும் குடாநாட்டார்க்கு நெடுங்காலம் வெளியுலகின் வாயில்களாய் விளங்கின. நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவருட் பலர் கொழும்பில் நின்றுவிடாது, கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதற் புகைவண்டி ஓடியது. அதன் பின்னர் விரிந்து சென்ற இருப்புப் பாதைகளுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் கற்ற எழுத்தாளர்களும் நிலைய அதிபர்களும் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலைகள் அவர்களை அளித்தன. ஊர் திரும்பிய ‘மலாயாப் பென்சனியர்’ எடுப்பித்த கல்வீடுகளும் அவர்தம் பணத்தாற் பொலிந்த கோயில்களும் பாடசாலைகளும் குடாநாடெங்கும் உள.

அன்று சென்றவன் உழைக்கச் சென்றான். இன்று செல்பவரிற் பலர் காணச் செல்கின்றனர். கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம் அவர்களைச் சாங்கி விமான நிலையத்திற் சேர்க்கின்றது. அங்கே கட்டடத்தினுள்ளேயே நாற்பது மீற்றர் உயரத்தினின்று வீழும் செயற்கை அருவி. நகருட் புகுந்தால் மரீனா விரிகுடாவின் விளக்கொளி, வானளாவிய மாடங்கள், பூங்காக்கள், அங்காடிகள். இவை காணத்தக்கனவே. ஆயின் இவற்றை மாத்திரம் படம்பிடித்து மீள்பவன் வீட்டின் தலைவாயிலை வியந்து, உள்ளே புகாது திரும்பியவனை ஒப்பான்.

முதலில் நிலத்தை நோக்குதல் வேண்டும். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தினும் அது சிறிது. அச்சிறு நிலத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நிலம் போதாமையாற் கடலைத் தூர்த்தனர். தெலுக் ஆயர் வீதி இதற்குச் சான்றாகும். அது முன்னர்க் கடற்கரையாயிருந்தது. சோழமண்டலக் கரையினின்று வந்த முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கு நாகூர்த் தர்காவை எழுப்பினர். கடலைக் கடந்து வந்தோர் கரையில் நின்று நன்றி கூறிய இடம், இன்று கடலே தோன்றாதபடி மாடங்களால் மறைக்கப்பட்டுள்ளது. அதற்கு அணித்தே, சௌத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் நாராயண பிள்ளை என்பார் தோற்றுவித்த மாரியம்மன் கோயில் விளங்குகின்றது. அதன் கோபுரங் கருதியே பக்கத்துத் தெரு ‘பகோடாத் தெரு’ எனப் பெயர் பெற்றது என்பர்.

வளவும் வேலியும் தம் உரிமையின் எல்லையெனக் கொள்ளும் யாழ்ப்பாணத்தவர் வியத்தற்குரியது அவ்வூர் மக்கள் வாழும் முறையாகும். 1960இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் நூற்றுவரில் ஏறத்தாழ எண்பதின்மர் வசிக்கின்றனர். ஒரே மாடியிற் சீனரும் மலாயரும் தமிழரும் கலந்திருத்தல் வேண்டுமென 1989 முதல் விதியும் உண்டு. சுவரின்றித் திறந்து கிடக்கும் கீழ்த்தளத்தில் ஒருநாள் மலாயர் திருமணமும் மற்றொருநாள் சீனர் இழவும் நிகழும். ஒரு முழ வேலிக்காக நீதிமன்றம் ஏறிய ஊரினின்று செல்பவர், இதனைச் சற்று நின்று பார்த்தல் தகும்.

இவ்வொழுங்குக்கு விலை இல்லாமலில்லை. பாட்டனார் வாழ்ந்த குடியிருப்பைத் தேடிச் செல்லும் பேரனுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. பழைய கம்பங்கள் அழிந்தன. இந்துக்களுக்கும் இடமளித்த பிடாடாரி இடுகாடு 1972இல் மூடப்பட்டுப் பின்னர்த் தோண்டப்பட்டது. இன்று அங்கு குடியிருப்பு எழுந்துள்ளது. 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார்ப் புகைவண்டி நிலையம் 2011 ஜூன் 30ஆம் நாளோடு பணி ஓய்ந்தது. அதன் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகின்றது; தண்டவாளம் கிடந்த வழியோ நடைபாதையாயிற்று. யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவிலே தம் வாணாளைச் செலவிட்டது இருப்புப் பாதைப் பணியிலாதலின், அவ்வழியிற் சிறிது தூரம் நடத்தல் வீண்போகாது.

தமிழ் அங்கு ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. நாணயத் தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் தமிழ் எழுத்தைக் காணும் மகிழ்ச்சி இயல்பானதே. வட்டுக்கோட்டையோடு தொடர்புடைய சி. இராசரத்தினம் 1965இல் அந்நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சரானார். 1981இல் ஆளுங்கட்சியைத் தோற்கடித்து நாடாளுமன்றம் புகுந்த ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்திற் பிறந்தவரே. அரசின் தூணையும் அதனை எதிர்த்த குரலையும் ஒரே குடாநாடு ஈன்றது சுவையான செய்தி.

ஆயின் தமிழ் அங்கு ஒருநிலைப்பட்டதன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையிற் சிராங்கூன் சாலைக்குச் செல்பவர், புற்றரைகளிலும் நடைபாதைகளிலும் குழுமியிருக்கும் ஆயிரக்கணக்கான இளைஞரைக் காண்பர். தமிழ்நாட்டினின்றும் வங்காளதேசத்தினின்றும் வந்து, மாடங்களைக் கட்டியும் கப்பல்களைச் செப்பனிட்டும் உழைப்போர் அவர்கள். பயணிகள் வியக்கும் மாடங்களில் அவர்தம் கைபடாதன மிகச் சில. முன்னாள் யாழ்ப்பாணத்து எழுத்தாளருக்கு அரசாங்க விடுதி இருந்தது. மனைவி மக்களை உடன் வைத்திருந்தார். ஓய்வூதியம் பெற்று மீண்டார். இன்றைய வேலை அனுமதித் தொழிலாளி குடும்பத்தை அழைத்துவர இயலாது. ஒப்பந்தம் முடிந்தாற் புறப்படல் வேண்டும். 2013 டிசம்பர் 8ஆம் நாள் பேருந்திற் சிக்கி அத்தகைய தொழிலாளி ஒருவர் இறந்தபோது அச்சாலையிற் கலவரம் மூண்டது. 2020இற் கொள்ளைநோய் வந்தகாலை, நோயுற்றோரிற் பெரும்பாலார் நெருக்கமான தொழிலாளர் விடுதிகளில் வாழ்ந்தவரே. அவர்கள் பேசும் தமிழ் யாழ்ப்பாணத்தார் செவிக்குச் சற்று வேறாயினும், ‘எந்த ஊர், தம்பி?’ என்று ஒருவர் கேட்டாற் போதும். முகம் மலர்ந்து தம் ஊரையும், வட்டிக்கு வாங்கிய கடனையும், வீட்டில் வளரும் குழந்தையையும் பற்றிக் கூறத் தொடங்குவர். காட்சிச் சீட்டு விற்கும் இடங்களில் இது கிடையாது.

ஒரு பிற்பகல் எஞ்சுமாயிற் கத்தோங் பகுதியிலுள்ள சிலோன் சாலைக்குச் செல்லலாம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குளத்தருகே செண்பக மரத்தடியில் வைத்து வழிபடப்பட்ட பிள்ளையாருக்கு எழுந்ததே ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கம் அதன் நிருவாகத்தை ஏற்றது. இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சினாற் சேதமுற்று மீண்டும் எழுந்தது. அரியாலைச் சித்தி விநாயகர் சந்நிதியில் வளர்ந்தவர்க்கு அக்கோயிலின் மாலைப் பூசையிற் புதுமை தோன்றாது. மணி ஓய்ந்தபின் முகப்பில் நின்றால், பழைய யாழ்ப்பாணக் குடும்பங்களின் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரையாடியவாறு திருநீற்றோடு வெளியேறுவதைக் காணலாம்.